ரூபாயைப் பேசுகிறீர்கள், கிலோவை யார் பேசுவது?

மலையகத் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும், மாவட்டத் தலைவர்களுக்கும், தோட்டக் கமிட்டித் தலைவர்மாருக்கும்,



நான் கொழுந்து எடுத்த ஒரு தாயின் மகள். இப்போது தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறேன். என் அம்மாவின் சம்பளச் சிட்டையில் மாதா மாதம் உங்கள் சந்தா வெட்டுப்பட்டது. அதற்கு முன் அம்மாயியின் சிட்டையிலும் வெட்டுப்பட்டது. இரண்டு பேரும் ஒருநாளும் உங்களிடம் கணக்குக் கேட்டதில்லை. அவர்கள் விட்ட கேள்வியைக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்று நினைத்து எழுதுகிறேன். எந்தச் சங்கம், எந்தக் கொடி என்ற பேச்சு இந்த மடலில் இல்லை. கொடி நிறம் வேறு வேறாக இருந்தாலும் சம்பளப் பேச்சு மேசையில் உட்காருகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள்தான்: வேட்டியோ கால்சட்டையோ போட்ட, கூடை தூக்காத ஆண்கள்.

2025 நவம்பரில் பாராளுமன்றத்தில் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயிலிருந்து 1,550 ஆகும், அதோடு வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் 200 ரூபாய் தரும் என்று சொன்னார்கள். கூட்டினால் 1,750. சந்தோஷமான செய்திதான். சம்பளம் கூடும்போதெல்லாம் அது யாருடைய வெற்றி என்று சங்கங்களுக்குள் ஒரு இழுபறி நடக்கும், சுவரொட்டி ஒட்டுவார்கள், சந்தியில் பட்டாசு வெடிக்கும். அதை நான் குறை சொல்ல வரவில்லை. 2016-இல் 500 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தோடு வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்கு 30 என்று ஒட்டுப் போட்டு 730 என்றீர்கள். 2018-இல் கொழும்பு காலிமுகத்திடலில் எங்கள் பிள்ளைகள் கறுப்புச் சட்டையோடு நின்று ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். 2019-இல் 700-உம் 50-உம் கிடைத்தன. ஆயிரம் வந்தது 2021-இல், அதுவும் சங்கங்களும் கம்பனிகளும் போடும் கூட்டு ஒப்பந்தத்தால் அல்ல, சம்பள நிர்ணய சபையின் வர்த்தமானியால். 2024-இல் 1,700 என்று வர்த்தமானி வந்து, கம்பனிகள் நீதிமன்றம் போய், கடைசியில் 1,350-இல் நின்றது. இந்தப் பத்து வருடக் கதையை எழுதச் சொன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளையே எழுதிவிடும். அந்தளவுக்கு எல்லாருக்கும் மனப்பாடம்.

ஆனால் இது முழுக்க ரூபாய்க் கதை. மலையில் நடப்பது கிலோக் கதை.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? 2021-இல் ஆயிரம் ரூபாயை எதிர்த்துக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியே போனபோது, ரூபாயை அரசாங்கம் தீர்மானித்தது, கிலோவைத் தோட்ட நிர்வாகம் தீர்மானித்தது. 16, 18 என்று இருந்த இடங்களில் 20 என்றார்கள். சில தோட்டங்களில் அதற்கும் மேலே போனார்கள். எடை குறைந்தால் அரைப்பேர், இல்லையென்றால் எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு. ஆயிரம் ரூபாய் வந்துவிட்டது என்று கோயிலில் தேங்காய் உடைத்த வீடுகளில், மாதக் கடைசியில் சிட்டையைப் பார்த்தபோது பழைய சம்பளத்தை விடப் பெரிதாக ஒன்றும் கூடியிருக்கவில்லை. அந்த வருடமே அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தியது. உரமில்லாத மலையில் கொழுந்து எப்படி வரும்? செடி தராத கொழுந்துக்கும் பெண்ணிடம் கணக்குக் கேட்டார்கள்.

கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு நீங்கள் கடைசியாகப் போனது எப்போது? தேர்தல் காலத்தில் போயிருப்பீர்கள், மாலை போட்டிருப்பார்கள். நிறுவை நேரத்தில் போய் ஓரமாக நின்று பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுவை. தராசு கொக்கியில் பையை மாட்டுவார்கள். இலக்கம் தெரிகிற பக்கம் கணக்கப்பிள்ளைக்கு, முதுகுப் பக்கம் எங்கள் பெண்களுக்கு. அவர் ஒரு எண்ணைச் சொல்லுவார். காலை நிறுவையென்றால் பனி ஈரத்துக்குக் கழிப்பு, பைக்கென்று கழிப்பு, முற்றல் இலை கலந்திருக்கிறது என்று கழிப்பு. என் அம்மா ஒருதடவை, "பை போன மாசமும் இதே பைதானுங்களே, அதுக்கு ஏன் இந்த மாசம் கூடக் கழிக்கிறீங்க?" என்று கேட்டார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளையும் சிரித்தார். கழிப்பு மட்டும் குறையவில்லை. அடுத்த வாரம் அம்மாவை மேட்டு மலைக்கு மாற்றினார்கள், கவ்வாத்து வெட்டி இன்னும் சரியாகத் துளிர்க்காத மலைக்கு. அங்கே நாள் முழுக்கக் கை ஓடினாலும் கூடை நிரம்பாது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நான் கணக்குப் பாடமும் எடுக்கிறேன், தோட்டப் பாடசாலையில் ஆள் குறைவு, கிடைத்ததையெல்லாம் எடுக்க வேண்டும். 2024-இல் பேசியபடி, குறித்த அளவுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபாய். ஒரு நிறுவைக்கு இரண்டு கிலோ கழித்தால் மூன்று நிறுவைக்கு ஆறு கிலோ. ஆறு கிலோவுக்கு 300 ரூபாய். அரசாங்கம் வருகைக்கென்று தருவதாகச் சொன்ன 200 ரூபாயை விட அது 100 ரூபாய் அதிகம். பாராளுமன்றத்தில் வாசித்துக் கொடுப்பதை மடுவத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல் எடுத்துக்கொள்ள முடியுமென்றால், மேசையில் உட்கார்ந்து நீங்கள் எதைத்தான் காப்பாற்றினீர்கள்? இன்னொரு கேள்வியும் உண்டு. அரைப்பேர் விழுந்த நாள் வருகையில் சேருமா, சேராதா? இதைக் கேட்ட பெண்களுக்குத் தலைவர்மாரிடமிருந்து இரண்டு விதமான பதில் கிடைத்திருக்கிறது. எழுத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது 1984-க்கு வருகிறேன். அந்த வருடத்து வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆனது. அதுவரை பெண்ணுக்குக் குறைவு. என் அம்மாயி அந்தச் சம்பளக் குறைவை அனுபவித்தவர். அந்தப் போராட்டத்தை நடத்திய சங்கங்களுக்கு என் நன்றி, இதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் சமமானது சம்பளம் மட்டும்தான், நாள் சமமாகவில்லை. கவ்வாத்து வெட்டுகிற, கான் வெட்டுகிற, உரம் போடுகிற ஆணுக்குக் கணக்கு வேலை. இத்தனை செடி, இத்தனை அடி என்று கொடுத்ததை முடித்தால் பகல் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ வீட்டுக்குப் போகலாம், ஒரு பேர் விழும். கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு அதே ஒரு பேர் விழக் கடைசி நிறுவை முடிய வேண்டும். அது முடிய மாலை நாலரை, ஐந்து. பிறகு கூடையோடு இறக்கம் இறங்கி, பிள்ளைக்காம்பராவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, விறகு பொறுக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தால், ஒரு மணிக்கு வந்தவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்பார். ஒரே சம்பளத்துக்கு மூன்று மணி நேரம் கூட வேலை செய்கிறவளை நாற்பது வருடமாகச் சமம் என்று சொல்லி வருகிறோம். இத்தனை கூட்டு ஒப்பந்தம் எழுதினீர்கள். அந்த மூன்று மணி நேரத்தை ஒன்றிலாவது எழுதினீர்களா?

எழுதாததற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். சூழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். மேசையில் இருந்தவர்களில் ஒருவர்கூட அந்த மூன்று மணி நேரத்தை வாழ்ந்ததில்லை. வாழாத ஒன்று பேச்சுவார்த்தைத் தாளில் ஏறாது.

அந்த மூன்று மணி நேரத்தை யார் அடைக்கிறார்கள் தெரியுமா? மகள்.

அம்மா நாலு மணிக்கு எழும்பி ரொட்டி தட்டி, சம்பல் இடித்து வைத்துவிட்டு, வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனால், தம்பி தங்கச்சியை எழுப்பிக் குளிப்பாட்டிப் பாடசாலைக்குக் கூட்டி வருவது மூத்த மகள். பின்னேரம் பானை வைப்பதும் அவள்தான். சித்திரை, வைகாசியில் கொழுந்து பெருகும்போது என் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் ஒன்று தெரியும். சிவப்புப் பேனாக் கோடு விழுவது பெண் பிள்ளைகளின் பெயருக்கு நேரே. கேட்டால் காய்ச்சல் என்பார்கள், வயிற்று வலி என்பார்கள். கையைப் பார்த்தால் போதும். பெருவிரலிலும் சுட்டு விரலிலும் கறை ஏறியிருக்கும். அந்தக் கறை சவுக்காரத்துக்குப் போகாது. தேசிக்காய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் நிற்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கைகளைக் கொப்பிக்குக் கீழே ஒளித்து வைத்துக்கொண்டு எனக்குப் பதில் சொன்னாள். பின்னேரம் அம்மாவின் மலைக்குப் போய் இரண்டு மூன்று கிலோ எடுத்து அம்மாவின் பையில் போட்டிருக்கிறாள். அம்மாவுக்கு அரைப்பேர் விழாமல் இருக்க. அம்மா அவளைக் கூப்பிடவில்லையாம், "நானாத்தான் போனேன் டீச்சர்" என்றாள். தாயைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அந்தப் பிள்ளை பட்ட பாட்டைப் பார்த்தபிறகு நான் வேறொன்றும் கேட்கவில்லை.

இது பிள்ளைத் தொழிலாளர் கணக்கில் வராது. எந்தப் பெயர்ப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. நிர்வாகம் கையை விரிக்கும், "நாங்கள் வேலைக்கு எடுக்கவில்லையே" என்று. உண்மைதான். அவளை வேலைக்கு எடுத்தது கிலோதான். 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்று நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு தாய் எடுக்க முடியாத அளவைக் குறித்துவிட்டால், அந்தச் சட்டத்தை உடைப்பது அந்தத் தாய் வீட்டுப் பிள்ளையின் கடமையாகிவிடுகிறது.

இப்படி வகுப்பைத் தவறவிட்டு, சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிய பெண் பிள்ளைக்கு முன்னால் இருப்பவை நாலு கதவு. அம்மாவின் பெயரை வெட்டிவிட்டு மலையில் பெயர் பதிவது, கல்யாணம், கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலை அல்லது கடை, இல்லையென்றால் யாரோ ஒருவருடைய வீட்டு வேலை. கடைசிக் கதவைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. 2021-இல் கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு நின்ற எங்கள் சிறுமி தீக்காயங்களோடு இறந்தபோது எல்லாரும் வீதிக்கு இறங்கினோம், நீங்களும் இறங்கினீர்கள். தரகரைத் திட்டினோம், வீட்டுக்காரரைத் திட்டினோம். அந்தப் பிள்ளையை அனுப்பிய தாயையும் சில பேர் திட்டினார்கள். அந்தத் தாயின் சிட்டையை யாரும் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

தாய் போகிற கதையும் இருக்கிறது. குவைத்துக்கும் சவூதிக்கும் போன அம்மாமாரின் பிள்ளைகள் என் வகுப்பில் எப்போதும் இருப்பார்கள். அம்மாயி வளர்க்கும் வீடு, மூத்தவள் அம்மாவான வீடு. 2013-இல் அரசாங்கம், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டது, பிறகு கொஞ்சம் தளர்த்தியது. தகப்பனுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் கிடையாது. போகாதே என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு, அவள் இங்கேயே இருந்து சாப்பிடும்படி மலையில் சம்பளம் விழ வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை.  

மலையில் கக்கூஸ் இல்லை. இதைப் பச்சையாக எழுதுகிறேன், ஏனென்றால் மேடையில் நீங்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறீர்கள். காலை ஏழரைக்கு மலையேறிய பெண் மாலைவரை தேயிலைச் செடிக்குப் பின்னால்தான் ஒதுங்க வேண்டும். முன்பாவது மலை துப்புரவாக இருந்தது. செலவைக் குறைக்கிறோம் என்று புல் வெட்டுவதைக் கம்பனிகள் குறைத்த பிறகு இடுப்பளவு காடு. அதில் அட்டை, பாம்பு, குளவிக்கூடு. சில தோட்டங்களில் சிறுத்தை. குளவி கொட்டிச் செத்த பெண்களின் செய்தி பத்திரிகையில் மூலைச் செய்தியாக வந்து போகிறது. இதற்குப் பயந்து பெண்கள் என்ன செய்கிறார்கள் என்றால், காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. மாதவிடாய் நாளில் இரட்டைத் துணி கட்டிக்கொண்டு, அதன்மேல் படங்கைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். நாற்பது வயதில் மூத்திரக் கடுப்பு, இரத்தச் சோகை, முழங்கால் வலி. என் அம்மா சாயத்தண்ணியை ஒரு போத்தலில் கொண்டுபோய், அதைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்த நாட்கள் உண்டு. உலகம் முழுக்கக் குடிக்கிற தேயிலையை எடுக்கிறவள் ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கப் பயப்படுகிறாள். ஒரு தகரக் கூரையும் நாலு தடுப்பும் ஒரு தண்ணீர்த் தாங்கியும் வைக்க எவ்வளவு செலவாகும்? உங்கள் மே தின ஊர்வலத்துக்கு எத்தனை பஸ் பிடிக்கிறீர்கள்?

கோபமாக எழுதுகிறேன் என்று நினைத்தால் சரிதான்.

அம்மா வேலையை விட்டபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சேமலாப நிதி எடுக்க வேண்டும். தொழிலாளியிடம் 8 வீதம், கம்பனியிடமிருந்து 12 வீதம், இதுதான் சட்டம், 1958-இல் வந்த சட்டம். காசு சேர்ந்துதான் இருந்தது. ஆனால் தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. ராசம்மா, ராஜம்மா, இராஜம்மாள் என்று ஆபீஸ் கிளாக்கர் கைக்கு வந்தபடி எழுதியது. இந்த மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நாங்கள் கச்சேரிக்கும் தொழில் அலுவலகத்துக்கும் அலைந்தோம், சத்தியக் கடதாசி முடித்தோம். மலையகத்தில் படித்த மகள் செய்கிற முதல் உத்தியோகம் இதுதான்: தாய் யார் என்று காகிதத்தில் நிரூபிப்பது. படிக்காத மகள் உள்ள வீட்டில் தரகர் செய்து கொடுப்பார், பங்கு எடுத்துக்கொள்வார். அலையும்போது எங்கள் தோட்டத்துத் தலைவரிடமும் போய்க் கேட்டோம். நல்ல மனிதர், கடிதம் தந்தார். ஆனால் சந்தா வெட்டுகிற பட்டியலில் மட்டும் அம்மாவின் பெயர் முதல் மாதத்திலிருந்தே சரியாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீடு, காணி விஷயத்தில் ஒன்று மட்டும். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் வந்தது, இந்திய உதவி வீடுகள் வந்தன, நல்லது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பிய எங்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் லயத்திலோ வீட்டிலோ குடியிருக்கும் உரிமையே மலையில் பெயர் இருக்கிற பெண்ணால்தான் பல குடும்பங்களுக்கு வந்தது. ஆண் வெளியே வேலைக்குப் போனாலும் வீட்டில் ஒருத்தியாவது தோட்டத்தில் பெயர் வைத்திருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். காணி உறுதி எழுதும்போது மட்டும் குடும்பத் தலைவர் யார் என்று கேட்கிறார்கள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடமிருந்து பிள்ளைகளோடு வெளியேற நினைக்கிற பெண்ணுக்கு அந்த உறுதிதான் உயிர். 2014-இல் மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையகத்தில் பல இடங்கள் சரிந்தன. இப்போது புதிய இடம், புதிய வீடு என்ற பேச்சு திரும்பவும் நடக்கிறது. இருவர் பெயரிலும் உறுதி என்று முதல் நாளே கேளுங்கள். கம்பனிகள் பேசுகிற பங்குமுறையில் குடும்பங்களுக்குச் செடிகளைப் பிரித்துக் கொடுக்கும்போதும் இதையே கேளுங்கள். இல்லையென்றால் தகப்பன் பெயரில் செடி இருக்கும், கொழுந்தை எடுப்பது தாயும் மகளும், அவர்களுக்குச் சிட்டைகூட இருக்காது.

சரித்திரம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரோடு அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய், பாட்டுக் கட்டிப் பாடி, தொழிலாளரைச் சேர்த்த காலத்தில் துரைமார் சங்கக்காரரை எல்லைக்குள் விடவில்லை. அப்படி ஒரு பெண்ணின் குரலோடு தொடங்கிய இயக்கம் நம்முடையது. 1947-இல் நம் ஆட்கள் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள், ஏழும் ஆண்கள். அடுத்த வருடமே குடியுரிமையைப் பறித்தார்கள், பிறகு வாக்குரிமையும் போனது. 1964-இல் இந்திய, இலங்கைத் தலைவர்கள் உட்கார்ந்து ஐந்தேகால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே என்று எங்களைப் பிரித்தார்கள். அம்மாயியின் தங்கை அந்தக் கணக்கில் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போனார், அங்கேயும் கொழுந்துதான் எடுத்தார். வாக்கு திரும்பக் கிடைத்து இத்தனை காலமான பிறகு, 2024 நவம்பரில்தான் மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர், நுவரெலியாவிலிருந்து ஒருவரும் பதுளையிலிருந்து ஒருவரும், பாராளுமன்றம் போனார்கள். அவர்களை அனுப்பியது நம் தொழிற்சங்கம் எதுவும் அல்ல, ஒரு தேசியக் கட்சி. அந்தக் கட்சியை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் விமர்சியுங்கள். ஆனால் சந்தாப் பணத்தில் பாதிக்கு மேல் பெண்களிடமிருந்து வாங்கிய சங்கங்கள் ஏன் அதை முதலில் செய்யவில்லை?

உங்களிடம் மாதர் பிரிவு இருக்கிறது, தெரியும். பொங்கலுக்குக் கோலம் போடுகிறார்கள், தலைவர் வந்தால் ஆரத்தி எடுக்கிறார்கள், மகளிர் தினத்துக்குச் சேலை வாங்குகிறார்கள். அவர்களில் பலர் கெட்டிக்காரிகள். எந்த மலையில் எந்த மாதத்தில் எத்தனை கிலோ கிடைக்கும் என்பதை அவர்களைப்போலச் சொல்லக்கூடியவர் கம்பனி ஆபீசிலும் இல்லை. அந்த அறிவை ஆரத்தித் தட்டோடு நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்டால், பதில் சிக்கலானதல்ல. அடுத்த பேச்சில் ரூபாய்க்குப் பக்கத்திலேயே கிலோவை எழுதுங்கள். மலைக்கு மலை, மாதத்துக்கு மாதம் வேறு அளவு என்று எழுதுங்கள். மாசியில் வறண்ட மலையில் எடுப்பதும் வைகாசியில் எடுப்பதும் ஒன்றல்ல. தராசின் முகத்தை எங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கழிப்பு எவ்வளவு, எதற்கு என்பதைத் துண்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆணின் கணக்கு வேலை முடிகிற நேரத்துக்கு மேல் பெண் மலையில் நிற்கிற ஒவ்வொரு மணிக்கும் மேலதிகக் காசு கேளுங்கள். அரைப்பேர் விழுந்தாலும் அவள் வேலைக்கு வந்தவள்தான் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மலைக்குக் கக்கூசும் தண்ணீரும் கேளுங்கள், சம்பளத்தோடு சேர்த்தே கேளுங்கள், "பிறகு பார்க்கலாம்" என்ற பட்டியலில் போடாமல். சிட்டையைத் தமிழில் கேளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், மேசையில் பாதி நாற்காலியைக் கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு விடுங்கள். மனைவி, மகள், தங்கை என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கொண்டுவந்து உட்கார வைத்துக் கணக்குக் காட்டாதீர்கள். இன்றைக்கும் மலையில் பெயர் உள்ள, காலையில் பெரட்டுக்குப் போய்விட்டு வந்த பெண்கள் வேண்டும். அவர்களுக்கு அன்றைய நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். சட்டம் பேசத் தெரியாதே என்பீர்கள். சட்டம் பேச வழக்கறிஞரை வையுங்கள், அதற்குத்தானே சந்தா. கிலோவைப் பேச அவர்களை விட்டால் ஆளில்லை.

சந்தாவை நிறுத்தத் தோட்ட ஆபீசுக்கு ஒரு கடிதம் போதும் என்பது உங்களுக்கும் தெரியும், இப்போது எங்கள் பெண்களுக்கும் தெரியும். அதை எழுதிக் கொடுக்க லயத்துக்கு லயம் படித்த பிள்ளை இருக்கிறது. சங்கம் இல்லாத தோட்டம் எப்படி இருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயம், அதனால்தான் அந்தக் கடிதத்தை எழுதாமல் இந்த மடலை எழுதுகிறேன். அடுத்த சம்பளப் பேச்சு தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு தோட்டத்திலும் கூட்டம் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போடுங்கள், பெண்கள் வர முடிகிற நேரத்தில். உங்கள் பேச்சு கொஞ்சமாக இருக்கட்டும். மேசைக்கு யார் போவது என்பதை அவர்களே கை தூக்கித் தெரிந்தெடுக்கட்டும்.

இப்படிக்கு,
கொழுந்து எடுத்த ஒருத்தியின் மகள்